அயர்லாந்தில் தோட்டம் பார்க்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அயர்லாந்து கிராமப்புறத்தில் விடுமுறையைக் கழிப்பது பற்றி எழுதும்போது, "கோட்டை, மலை முகடு எல்லாம் சரி, தோட்டங்களை விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். மே மாதம் பத்து நாள் அயர்லாந்து. டப்ளினில் இறங்கி, தீவு முழுக்கச் சுற்றி, முக்கியமான தோட்டங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட ஒரு திட்டம் போட்டுத் தாருங்களேன்?
(மயிலாப்பூர், சென்னை)

அந்தத் திட்டத்தை மட்டும் போட்டுத் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வரைபடத்தில் அயர்லாந்து சின்னதாகத் தெரியும், ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிற ஊர் அது. தீவைச் சுற்றினால் நீங்கள் பார்க்கப்போவது தோட்டங்களை அல்ல, கார் கண்ணாடியில் ஓடும் வைப்பரை. ஒரு நாளைக்கு ஒரு தோட்டம், மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரே ஊரில் மூன்று நாலு இரவாவது தங்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் மேலே படியுங்கள்.

முதல் மூன்று நாள் டப்ளினுக்குத் தெற்கே விக்லோ. அது பற்றிக் கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன். அப்புறம் நேராகத் தென்மேற்கு மூலைக்கு, கெர்ரி மாவட்டத்துக் கென்மேர் என்ற சிறு ஊருக்குப் போய்விடுங்கள். டப்ளினிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேலாகும். மீதி நாள் முழுக்க அங்கேதான்.

ஏன் தென்மேற்கு? அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போவதால் குளிர்காலத்திலும் அங்கே கடும் உறைபனி அபூர்வம். மழைக்குப் பஞ்சமே இல்லை, மண்ணோ அமிலத்தன்மை உள்ள மண். ஆகவே லண்டனில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டிய செடிகள் இங்கே வெட்டவெளியில் தன்பாட்டுக்கு வளர்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரப்பெரணிகள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பதையும், அவற்றின் குஞ்சுகள் பாதையோரத்தில் தாமாகவே முளைத்துக் கிடப்பதையும் லாராக் கிராமத்தில் உள்ள டெரீன் தோட்டத்தில் பார்க்கலாம். கென்மேரிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம். பாறைமேல் பாசி, மரத்தின்மேல் பாசி, சாய்ந்து கிடக்கும் கிளையின் மேல் சின்னப் பெரணிகள் என்று பச்சைக்குள் பச்சை. நடைபாதை சில இடங்களில் சொதசொதவென்றிருக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் போகாதீர்கள்.

எதை விட்டாலும் விடக்கூடாதது இல்னகுலின். உள்ளூரில் கார்னிஷ் தீவு என்பார்கள். கென்மேரிலிருந்து கஹா மலைப்பாதை வழியாக, பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்களைத் தாண்டி, கிளென்காரிஃப் ஊருக்கு வர வேண்டும். அங்கிருந்து படகு. போகிற வழியில் பாறைகளின் மேல் கடல்நாய்கள் தொப்பையைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும், படகுக்காரரும் வேகத்தைக் குறைத்து, படம் எடுக்க விடுவார். தீவு 37 ஏக்கர். 1910ல் ஆனன் பிரைஸ் என்பவர் வாங்கியபோது அது வெறும் பாறைத் திட்டு, மேலே ஒரு பழைய காவல் கோபுரம் மட்டும். இந்த பிரைஸ் பர்மா, இந்தியா பக்கம் வணிகம் செய்தவர், பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். ஹரால்ட் பீட்டோ என்ற வடிவமைப்பாளரை அழைத்து வந்து, மண்ணையே படகில் ஏற்றி வரவழைத்துத் தோட்டம் போட்டார்கள். 1953ல் குடும்பம் அதை நாட்டுக்கு எழுதி வைத்துவிட்டது.

அங்கே இத்தாலியப் பாணியில் ஒரு சதுரக் குளம் இருக்கிறது. இந்தப் பக்கம் தூண்கள் வைத்த ஒரு மண்டபம், அந்தப் பக்கம் கூரை போட்ட இன்னொரு சிறு மண்டபம். குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று எதிர் மண்டபத்தைப் பாருங்கள், தூண்களுக்கு நடுவே கடலும் அதற்குப் பின்னால் சுகர்லோஃப் மலையும் சட்டம் போட்ட மாதிரித் தெரியும். மேகம் இருந்தால் மலை காணாமல் போகும், பத்து நிமிடத்தில் திரும்ப வரும். அங்கேயே கல் படியில் உட்கார்ந்து காத்திருங்கள். படகுக் கட்டணம் வேறு, தீவு நுழைவுக் கட்டணம் வேறு என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள், அங்கே போய் எரிச்சல்படுகிறவர்களே அதிகம். குளிர்காலத்தில் தீவு மூடியிருக்கும்.

மீதி நாள்களுக்கு: பான்ட்ரி ஹவுஸின் பின்புறம் நூறு படி ஏறி உச்சியில் நின்று வளைகுடாவைப் பார்ப்பது. கில்லார்னி தேசியப் பூங்காவில் மக்ராஸ் ஹவுஸ் தோட்டம், நுழைவு இலவசம். இவ்வளவு போதும்.

எந்த மாதம் போவது நல்லது?
(மதுரை)

என்ன பூ பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. பிப்ரவரியில் போனால் பனித்துளிப் பூக்கள் மட்டும்தான், அதற்கென்றே கார்லோ மாவட்டத்து ஆல்டமான்ட் தோட்டத்துக்குக் கூட்டம் வரும். மார்ச், ஏப்ரலில் மக்னோலியா, கமேலியா. ஏப்ரல் கடைசி முதல் மே முழுக்க ரோடோடென்ட்ரான், அசேலியா, காட்டுக்குள் நீல மணிப்பூ. ஜூன், ஜூலையில் ரோஜாவும் சுவர்த் தோட்டங்களும் (சுற்றிலும் உயரமான சுவர் எழுப்பிய தோட்டங்கள்). ஆகஸ்டில் ஹைட்ரேஞ்சியா, தவிர மேற்குக் கரைக் கிராமச் சாலைகளின் இருபுறமும் சிவப்பு ஃபியூஷியா வேலிகள், அதற்கு டிக்கெட்டே வேண்டாம். அக்டோபரில் இலை நிறம் மாறுவது.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் மே மத்தி. பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூன் முதல் திங்கள்கிழமை அங்கே பொது விடுமுறை. அதையொட்டி டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ப்ளூம் என்ற பெரிய தோட்டக்கலைத் திருவிழா ஐந்து நாள் நடக்கும். அதையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், ஆனால் டப்ளினில் அந்த வாரம் தங்குமிடத்தைச் சீக்கிரமே பிடித்துவிட வேண்டும்.

மழை பெய்துகொண்டே இருக்குமாமே? தோட்டம் எங்கே பார்ப்பது?
(அதே மதுரை, வேறொருவர்)

வருடத்துக்கு டப்ளினில் பெய்வது சென்னையில் பெய்வதில் ஏறக்குறையப் பாதிதான். நமக்கு அது இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்க்கும், அவர்களுக்கு வருடம் முழுக்கத் தூறும், அவ்வளவுதான் வித்தியாசம். கெர்ரி பக்கம் மழை அதிகம், டப்ளினைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. குடை எடுத்துப் போகாதீர்கள், காற்று அதை உடனே திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைக் கோட்டு ஒன்று போதும். தவிர, ரோடோடென்ட்ரான் இலையும் பாசியும் நனைந்திருக்கும்போதுதான் அழகு. வெயிலில் அந்தத் தோட்டங்கள் கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும் என்பது என் கட்சி.

மகன் டப்ளினில் ஐ.டி. வேலை. எங்களுக்கு கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் நல்ல தோட்டம் உண்டா? பவர்ஸ்கோர்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே?
(திருச்சி)

உண்டு. விக்லோ மாவட்டத்துக்கு 'அயர்லாந்தின் தோட்டம்' என்றே பட்டப்பெயர்.

பவர்ஸ்கோர்ட் பெரியது, 47 ஏக்கர், பார்க்க வேண்டியதுதான். வீட்டின் பின்புறம் நின்றால் படிப்படியாக இறங்கும் மேடைகள், கீழே இறக்கைக் குதிரைகள் காவல் நிற்கும் குளம், அதற்குப் பின்னால் இன்னொரு சுகர்லோஃப் மலை. ஆம், விக்லோவிலும் அதே பெயரில் ஒரு மலை இருக்கிறது, குழம்பிவிடாதீர்கள். இதை வடிவமைத்த டேனியல் ராபர்ட்சனுக்குக் கால்விரல் வாதம். ஒரு கையில் ஷெர்ரி பாட்டிலோடு தள்ளுவண்டியில் உட்கார்ந்து வேலையை மேற்பார்வையிடுவாராம், பாட்டில் காலியானால் அன்றைய வேலையும் முடிந்ததாம். வீட்டு நாய்களுக்கும், ஏன் ஒரு மாட்டுக்கும்கூட, கல்லறை வைத்த ஒரு மூலை இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வீடு 1974ல் தீப்பிடித்து எரிந்து, பல வருடம் கழித்துச் சீரானது. இப்போது உள்ளே கடைகள். அந்தக் கடைகளும் சுற்றுலா பஸ்களும் சேர்ந்து வார இறுதியில் அந்த இடத்தை ஒரு மால் ஆக்கிவிடுகின்றன. செவ்வாய், புதன் காலையில் போங்கள். அருவியும் பார்க்க நினைத்தால், அது ஆறு கிலோமீட்டர் தள்ளி, தனி டிக்கெட். நடந்து போக ஒழுங்கான பாதையும் கிடையாது.

என் ஓட்டு மவுன்ட் அஷருக்கு. ஆஷ்ஃபோர்ட் என்ற ஊரில் இருக்கிறது, டப்ளினிலிருந்து விக்லோ டவுன் போகும் பஸ் அந்த ஊரில் நிற்கும். 1868ல் வால்போல் என்ற டப்ளின் துணி வியாபாரி வார இறுதியில் நடக்க வந்த இடத்தில் ஒரு துண்டு நிலத்தை எடுத்தார், தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் அதை 22 ஏக்கராக்கியது. நேர்கோடு, சதுரப் பாத்தி, கத்தரித்த வேலி எதுவும் இல்லை. வார்ட்ரி ஆறு தோட்டத்துக்கு நடுவே ஓடுகிறது. குறுக்கே தாழ்வாகக் கட்டிய தடுப்பணைகளில் தண்ணீர் மெல்லியதாக வழிந்துகொண்டிருக்கும், மேலே லேசாக ஆடும் தொங்குபாலம். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் இரண்டு கரையிலிருந்தும் மரங்கள் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து, இலையின் நிழல் எது இலை எது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. சிலியிலிருந்து வந்தது, நியூசிலாந்திலிருந்து வந்தது, சீனாவிலிருந்து வந்தது எல்லாம் உள்ளூர்ச் செடி மாதிரியே முளைத்துக் கிடக்கும். அப்படித் தெரிய வைப்பதற்குத்தான் அத்தனை வேலை. வில்லியம் ராபின்சன் என்ற அயர்லாந்துக்காரர், விக்டோரியா காலத்தில் பாத்தி பாத்தியாகப் பூ நடும் வழக்கத்தைத் திட்டித் தீர்த்தவர். அவர் சொன்ன முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ரசாயன மருந்தும் அடிப்பதில்லை.

காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் டப்ளின் கிளாஸ்நெவினில் தேசியத் தாவரவியல் பூங்கா, 1795ல் தொடங்கியது, நுழைவு இலவசம். இரும்பும் கண்ணாடியுமாக ரிச்சர்ட் டர்னர் கட்டிய வளைவு வீடு ஒன்றுக்காகவே போகலாம். அதன் கிளைதான் விக்லோவில் உள்ள கில்மக்கரா, அதுவும் இலவசம். கிளாஸ்நெவின் மண் சுண்ணாம்பு மண், அங்கே வளர மறுத்த இமயமலைச் செடிகளை இங்கே கொண்டு வந்து நட்டிருக்கிறார்கள். வசந்தத்தில் அங்கே ஒரு அகலமான நடைபாதை முழுக்க உதிர்ந்த சிவப்பு ரோடோடென்ட்ரான் இதழ்களாகக் கிடக்கும். ஆனால் அதற்கு பஸ் வசதி சரியில்லை, மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

ஊட்டி பொட்டானிக்கல் கார்டனைப் பார்த்தவர்களுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது?
(கோவை)

நியாயமான கேள்வி. ஊட்டித் தோட்டம் 1848ல் மெக்கைவர் என்ற, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பழகிய ஆள் தொடங்கியது, ஆகவே சாயல் இருக்கத்தான் செய்யும். ரோடோடென்ட்ரானும் உங்களுக்குப் புதிதல்ல. தொட்டபெட்டா, அவலாஞ்சி பக்கம் சோலைக் காட்டு ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு அதே இனம்தான், இமயமலைச் செடியின் தெற்கத்திப் பங்காளி. ஜோசப் ஹூக்கர் 1848–50 வாக்கில் சிக்கிமில் சேகரித்து அனுப்பிய விதைகள் பிரிட்டன், அயர்லாந்துத் தோட்டங்களுக்குப் பரவின. அங்கே நீங்கள் பார்க்கும் பெரிய மரங்களில் பல அந்தக் காலத்து மோகத்தின் மிச்சம்.

புதிதாக இருக்கப்போவது அளவு. வாட்டர்ஃபோர்ட் அருகே மவுன்ட் காங்கிரீவ் என்று ஒரு தோட்டம். அதன் உரிமையாளர் ஆம்புரோஸ் காங்கிரீவ் ஒரு மக்னோலியா நடமாட்டார். நட்டால் ஒரே வகையில் இருபது, முப்பது என்று கூட்டமாக நடுவார். சுமார் 70 ஏக்கர் காடு இப்படி. அவர் 2011ல் இறந்தபோது வயது 104, அப்போதும் செல்சி மலர்க் காட்சிக்காகத்தான் லண்டன் போயிருந்தார். ஏப்ரலில் அங்கே போனால் தலைக்கு மேலே முழுக்க இளஞ்சிவப்பு, இலையே கண்ணில் படாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கில்லார்னி மலைச்சரிவில் ஜூன் தொடக்கத்தில் ஊதா நிறத்தில் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும், எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். அது போன்டிகம் என்ற வகை, தோட்டத்திலிருந்து தப்பி ஓடிக் காட்டைப் பிடித்த களை. அதன் அடர்நிழலில் கருவாலிக் கன்று ஒன்றுகூட முளைக்காது. நீலகிரிக்காரர்களுக்கு உண்ணிச்செடி செய்கிற வேலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு மூட்டு வலி, கைத்தடியோடு நடப்பார். எங்கே கூட்டிப் போகலாம்?
(ஈரோடு)

மக்ராஸ், சமதளம். நாட்டின் நடுப்பகுதியில் பிர் என்ற ஊரில் உள்ள கோட்டைத் தோட்டமும் பெரும்பாலும் சமதளம்தான். கானமாராவில் கைல்மோர், வாசலிலிருந்து சுவர்த் தோட்டத்துக்கு அவர்களே சிறு பஸ் விடுகிறார்கள். டொனிகலில் கிளென்வேயிலும் கோட்டை வரை பஸ் உண்டு. பவர்ஸ்கோர்ட்டில் மேல் மேடையோடு நின்றுகொள்ளலாம், காட்சி அங்கிருந்துதான். கார்னிஷ் தீவு வேண்டாம், படகில் ஏறி இறங்குவதும் கல் படிகளும் சிரமம். பான்ட்ரியின் நூறு படியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்தியாவோடு தொடர்புள்ள தோட்டம் ஏதாவது உண்டா? சும்மா ஓர் ஆர்வம்தான்.
(புதுச்சேரி)

நிறையவே உண்டு. மேலே சொன்ன டெரீன் தோட்டத்தை உருவாக்கிய லான்ஸ்டவுன் பிரபு 1888 முதல் 1894 வரை இந்தியாவின் வைஸ்ராய். கல்கத்தாவில் அரசாண்டுவிட்டு ஓய்வுக்கு ஓடி வந்த இடம் இந்த ஈரக்காடு.

லீஷ் மாவட்டம் பாலினகில் ஊரில் ஹேவுட் என்றொரு சிறு தோட்டம், இலவசம், பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்கள். பூமிக்குள் இறங்கும் வட்ட வட்டப் படிகள், நடுவில் ஒரு முட்டை வடிவக் குளம், குளத்தைச் சுற்றி ஈயத்தில் வார்த்த ஆமைகள் உட்கார்ந்திருக்கும். சுற்றுச்சுவரில் வட்டமாக ஜன்னல்கள் வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் வெளியே வயல்வெளி ஒரு படமாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். வேலை முடிந்தது 1912ல், அதே வருடம்தான் புது டெல்லி நகரத் திட்டத்துக்காக அவர் இந்தியாவுக்கு வந்தார். ராஷ்டிரபதி பவனை வெளியிலிருந்தாவது பார்த்தவர்கள் ஹேவுட் சுவர் ஓரம் பத்து நிமிடம் நடந்தால், அதே கை என்பது தெரிந்துவிடும். மாளிகை 1950ல் எரிந்துபோனது, தோட்டம் மட்டும் மிச்சம்.

அப்புறம் கானமாரா. சென்னைக்காரர்கள் எத்தனை முறை கன்னிமாரா நூலகம் போயிருப்பீர்கள். அந்தப் பெயர் 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கானமாரா பிரபுவுடையது, அவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கால்வே மாவட்டத்துக் கானமாராவைத்தான். இங்கே பாலினஹின்ச் கோட்டையை 1924ல் வாங்கியவர் கிரிக்கெட் ரஞ்சித்சிங்ஜி, ஆமாம், ரஞ்சி கோப்பை ரஞ்சி. கோடையில் மீன் பிடிக்க வருவார். அவருடைய உறவுப் பெண்கள் கைல்மோர் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தார்கள். அந்தக் கைல்மோரின் சுவர்த் தோட்டம் ஆறு ஏக்கர். விக்டோரியா காலத்தில் 21 சூடேற்றிய கண்ணாடி வீடுகள் வைத்து அட்லாண்டிக் கரையில் வாழைப்பழம் விளைவித்தார்கள்! பிறகு எல்லாம் இடிந்து காடாகி, 1995 வாக்கில் கன்னியர்கள் துப்புரவு தொடங்கி, 2000ல் திறந்தார்கள். இரண்டு கண்ணாடி வீடுகளை மறுபடி கட்டியிருக்கிறார்கள், மற்றவற்றின் செங்கல் அடித்தளத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டதுதான் சரி.

பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த நாட்டில், அதே நிலப்பிரபுக்கள் போட்ட தோட்டங்களை ரசிக்கச் சொல்கிறீர்களே?
(தஞ்சாவூர்)

ரசிக்கச் சொல்கிறேன், தெரிந்துகொண்டு ரசிக்கச் சொல்கிறேன். உருளைக்கிழங்கைத் தாக்கிய கருகல் நோயை 1845 ஆகஸ்டில் கிளாஸ்நெவின் பூங்காவிலேயே அதன் பொறுப்பாளர் டேவிட் மூர் கண்டு குறித்து வைத்தார். அடுத்த சில வருடங்களில் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். கிளென்வேயில் இருப்பது அருமையான தோட்டம், ஏரிக்கரைக் கோட்டை, மலைச்சரிவில் மான் கூட்டம். அதைக் கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர் 1861ல் டெரிவே குடியானவர்கள் 244 பேரை வீட்டை இடித்து வெளியேற்றியவர். பிற்காலத்தில் வந்த அமெரிக்க உரிமையாளர் ஹென்றி மெக்கில்ஹென்னி தோட்டத்தை மெருகேற்றி, கோட்டையோடு சேர்த்து நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு கதையும் ஒரே இடத்துக் கதைதான்.

உங்களைப் போலக் கேட்கிறவர்கள் ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குப் போக வேண்டும். அங்கே நீண்ட பூப்பாத்தியோடு அழகான சுவர்த் தோட்டமும் இருக்கிறது, அதே வளாகத்தில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்த எஸ்டேட் முதலாளி டெனிஸ் மாஹன் குடியானவர்களை வெளியேற்றிக் கப்பலில் ஏற்றியவர், 1847ல் சுட்டுக் கொல்லப்பட்டார். முதலில் அருங்காட்சியகம், பிறகு தோட்டம். மாற்றிப் போகாதீர்கள்.

பிள்ளைகள் "இன்னொரு செடியா?" என்று முகத்தைத் தூக்குகிறார்கள்.
(சேலம்)

தூக்கத்தான் செய்வார்கள். பிர் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள், தோட்டத்துக்கு நடுவே 1840களில் செய்த ராட்சதத் தொலைநோக்கி நிற்கிறது. கண்ணாடியின் குறுக்களவு ஆறு அடி, 1917 வரை உலகிலேயே பெரியது அதுதான். கெர்ரியில் கெல்ஸ் பே தோட்டத்தில் பெரணிக் காட்டுக்கு நடுவே ஓடைமேல் நீளமான கயிற்றுப்பாலம், நன்றாக ஆடும். கார்க் அருகே பிளார்னி கோட்டையில் விஷச்செடித் தோட்டம், எச்சரிக்கைப் பலகையும் மண்டை ஓட்டுப் படமுமாக. நம் ஊர் வரப்போரத்து ஆமணக்கும் அங்கே பயங்கரவாதி மாதிரி நிற்கும்.

இலங்கைக் கடவுச்சீட்டு. லண்டனில் அக்கா வீட்டுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் விசாவோடு அயர்லாந்து போய், வடக்கே மவுன்ட் ஸ்டூவர்ட்டும் பார்க்கலாமா?
(யாழ்ப்பாணம்)

கவனமாக இருங்கள். அயர்லாந்துக் குடியரசு வேறு நாடு, வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. எல்லையில் சாவடி இல்லை என்பதால் எந்த விசாவும் செல்லும் என்று அர்த்தமில்லை. மவுன்ட் ஸ்டூவர்ட்டுக்கு உங்கள் பிரிட்டிஷ் விசா போதும், குடியரசுக்குள் வர அயர்லாந்து விசா தனியாக வேண்டும். இந்திய, சீனக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மட்டும், விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்–அயர்லாந்து விசாத் திட்டம்) என்று குறித்திருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். குறிப்பு இல்லையென்றால் அவர்களுக்கும் இரண்டு விசாதான். ஷெங்கன் விசா இரண்டு இடத்திலும் செல்லாது. விண்ணப்பிக்கும் முன் விதி மாறியிருக்கிறதா என்று தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுன்ட் ஸ்டூவர்ட் சிரமப்பட்டுப் போகத் தகுந்த இடம்தான். 1920களில் லண்டன்டெரி சீமாட்டி ஈடித் போட்டது. நண்பர்களான அரசியல் பெருந்தலைகளை எல்லாம் விலங்குகளாகக் கேலி செய்து, டோடோ பறவை முதற்கொண்டு கான்கிரீட்டில் சிலை வைத்திருக்கிறார்.

சைவம். தோட்டத்து உணவகங்களில் என்ன கிடைக்கும்?
(கும்பகோணம்)

ஸ்கோன், ஜாம், பழுப்பு ரொட்டி, அன்றைய சூப். சூப் காய்கறி என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாறு சேர்த்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முகம் சுளிக்காமல் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள். மாலை நாலரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கையில் புளிச்சாதம் இருந்தால் புல்வெளி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், பல இடங்களில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

வண்டியை நாமே ஓட்டலாமா?
(ஓசூர்)

ஓட்டலாம், நம்மைப் போல இடதுபக்கம்தான். நம் உரிமம் செல்லும், சர்வதேச அனுமதிச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது, வாடகை நிறுவனங்கள் கேட்கும். எழுபத்தைந்து வயது தாண்டினால் சில நிறுவனங்கள் வண்டி தராது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வையுங்கள். சின்ன வண்டியாக எடுங்கள், ஏனென்றால் தோட்டத்துக்குப் போகும் கடைசி அஞ்சு கிலோமீட்டர், நடுவில் புல் முளைத்த ஒற்றைச் சாலையாக இருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், பெரும்பாலும் அது நீங்கள்தான். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது, கேமரா படம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் ஆன்லைனில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அபராதம்.

விதை, செடி ஏதாவது வாங்கி வரலாமா? மொட்டைமாடியில் வைக்க ஆசை.
(வேளச்சேரி, சென்னை)

விதையோ செடியோ இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் வேலை வேண்டாம், போன்டிகம் கதையை மேலே படித்தீர்கள். அதையும் தாண்டி வந்தாலும் ரோடோடென்ட்ரான் வேளச்சேரி மொட்டைமாடியில் ஒரு ஏப்ரலைத் தாங்காது. ஃபியூஷியா ஆசை என்றால் கொடைக்கானல் நர்சரியில் கேளுங்கள், அங்கேயே வளர்கிறது. ஆனால் அதையும் கொடைக்கானலிலேயே யாராவது உறவினர் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.